கண்ணெதிரே ஒரு ரிப்பேர்

"என் கண்ணு முன்னாலதான் பிரிக்கணும். நான் அந்தப் பக்கம் போனதும் நல்ல சாமானை உருவிட்டுப் பழசைச் சொருகிருவீக. உங்க ஆட்டமெல்லாம் எனக்குத் தெரியும்."

சுயம்புலிங்கம் அண்ணாச்சி நாற்காலியை இழுத்து ஜான்சியின் மேசைக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தார். போடி பஜாரில் அவருடையது பெரிய மளிகைக் கடை. கேமராப் படம் பார்க்க வைத்திருந்த கம்ப்யூட்டர் மானிட்டர் காலையில் திடீரென்று இருண்டுவிட்டது. வேலையாளிடம் கொடுத்தனுப்ப மனசு வராமல் அவரே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"பாத்துக்கிட்டே இருங்க அண்ணாச்சி," என்றாள் ஜான்சி.

சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கு இரண்டு தடவை சிமிட்டி அணைந்தது. பவர் சப்ளையில்தான் கோளாறு. பின்மூடியைக் கழற்றியதுமே குற்றவாளியும் அகப்பட்டுவிட்டது. போர்டின் ஓரத்தில் ஒரு கெப்பாசிட்டர் தலை பருத்து நின்றது. மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஜான்சி அதைப் பற்றி மூச்சு விடாமல், மீட்டரை எடுத்து பியூஸைச் சோதிக்க ஆரம்பித்தாள்.

"வெரசாப் பாரு பிள்ளை. கடைக்குள்ள மூணு கேமரா, வீட்டு மாடிப்படிக்கு ஒண்ணு, நாலும் குருடாக் கெடக்கு. அசந்தா எதை மடியில கட்டலாம்னு அஞ்சு பயலுக நிக்கிறானுக."

"செல்போன்லயே பாக்குற மாதிரி வச்சுக்கலாமே அண்ணாச்சி."

"நெட்டுல ஏத்துனா எங்க வீட்டுப் படிய ஊரே பாக்கும். அந்த வேலையே வேணாம்."

பியூஸ் நன்றாக இருந்தது. அடுத்து டையோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நல்லதென்று தெரிந்ததையும் இன்னொரு தடவை பார்த்தாள். அரை மணி நேரத்தில் அண்ணாச்சியின் பொறுமை தீர்ந்துபோனது.

"பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான். ஒரு இழவும் தெரியாமத் தடவிக்கிட்டு இருக்க. தேனிக்குக் கொண்டு போயிருந்தா இந்நேரம் முடிச்சுக் குடுத்திருப்பாக."

எதிர்ப்புற டீக்கடையில் நின்றவர்கள் கிளாசும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். பதினோரு வருடமாக அதே இடத்தில் கடை வைத்திருப்பவள் ஜான்சி. அவள் முகம் சிவந்துவிட்டது.

அண்ணாச்சி அதோடு விடவில்லை. "எம்மருமகளும் உன்னைய மாதிரித்தான் குதிச்சா. மகன் துபாயில கெடக்கான், இவ மதுரையில பேங்க் வேலைக்குப் போறாளாம். ஆர்டரும் வந்துருச்சு. படியிறங்குனா காலை ஒடிச்சிருவேன்னுட்டேன். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரலேன்னா வேலை போச்சு. நாளைக்குத் தானா அடங்கிருவா."

ஜான்சிக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த சால்டரிங் அயர்ன் நல்ல சூட்டில் இருந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று அதை ஸ்டாண்டில் வைத்தாள்.

வாய்க்கொழுப்பு பிடித்தவர்கள் வந்தால் ஜான்சி பதில் சொல்ல மாட்டாள், வேலையை இழுத்தடித்துப் பழி வாங்குவாள் என்று பஜாரில் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு அது உண்மை போலத்தான் இருந்தது. டையோடுகளை மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.

அண்ணாச்சியின் போன் அலறியது. "என்னலே, லாரி வந்துருச்சா? ஒரு மூட்டையும் இறக்கக் கூடாது. நான் வந்து நின்னுதான் இறக்கணும்." எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி," என்றாள் ஜான்சி, தலையைத் தூக்காமல். "நீங்க எதுக்குக் காத்துக் கெடக்கணும். நான் முடிச்சு வைக்கிறேன்."

அண்ணாச்சி பிரித்துக் கிடந்த போர்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அலமாரியில் அடுக்கியிருந்த பழைய சாமான்களையும் பார்த்தார். பிறகு அந்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"லாரி நிக்கட்டும். முடிச்சு வாங்கிக்கிட்டே போறேன்."

மேலும் ஒரு முக்கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் ஜான்சி ஈயத்தை உருகவிட்டு, அந்தப் பருத்த கெப்பாசிட்டரைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இதுதான் அண்ணாச்சி வில்லங்கம்."

"இந்த மிளகாய் விதையக் கண்டுபுடிக்க இத்தனை நேரமா? பேசாமக் கடைய மூடிட்டு வீட்டுல போயி அடுப்பை ஊது தாயி."

புதிய கெப்பாசிட்டரை வைத்துப் பற்றவைத்தாள். சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்கு இம்முறை சிமிட்டாமல் நின்றது, திரையிலும் வெளிச்சம் வந்தது. அண்ணாச்சி பாய்ந்து மானிட்டரைப் பிடித்தார்.

"குடு, நான் கெளம்புறேன்."

"கையெடுங்க அண்ணாச்சி. பத்து நிமிஷம் ஓட விட்டுப் பாக்கணும். சூடேறுன பெறகுதான் நிக்குமா நிக்காதான்னு தெரியும். திரும்பப் போச்சுன்னா அதுக்கும் என்னையத்தான் வைவீக."

பல்லைக் கடித்துக்கொண்டு அவர் மறுபடி உட்கார்ந்தார். திரையையே முறைத்தபடி அவளை மேலும் இரண்டு வார்த்தை திட்டினார்.

அப்போது ஜான்சியின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்தவள் எழுந்து கடைவாசலுக்குப் போய், அதைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண்குரல் மூச்சு வாங்கப் பேசியது.

"மதுரை பஸ்சு ஆண்டிபட்டிக் கணவாயத் தாண்டிருச்சுக்கா. இனி மாமாவ அனுப்பி விட்ருங்க."