கிரீஸ் டப்பா லேகியம்

"ஆ காட்டுடா."

நாச்சிமுத்து வாயைத் திறந்ததும் மாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊறப்போட்டு மறந்துபோன புளியின் வாடை. முன்பற்களின் நுனி தேய்ந்து கண்ணாடிச் சில்லு போல மெலிந்திருந்தது. ஈறோரம் பழுப்பாகக் குழி விழுந்திருந்தது.

எருத்தேன்பதி சடுகுடு குழுவில் ஏழு பேர். ஆறு பேர் வாயும் இதே லட்சணம். சின்னையனுக்கு மட்டும் தேங்காய்ப் பத்தை போலப் பல். ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே வேப்பங்குச்சி. இவன் மட்டும் எப்படித் தப்பினான்?

குழுவைப் பழக்கும் மாரப்பன் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். கெட்ட மோட்டாரை நல்ல மோட்டாரின் பக்கத்தில் வைத்து, பாகம் பாகமாக ஒப்பிட்டுப் பார்த்தே பழுதைப் பிடித்துவிடுவார். ஆனால் இந்தப் பழுது இரண்டு மாதமாகப் பிடிபடவில்லை.

இன்று சாயங்காலம் பக்கத்து ஊரான பெருமாட்டியோடு பொங்கல் இறுதி ஆட்டம். மூன்று வருஷமாக ஊரில் இருக்கும் கோப்பை. பாடிப் போகிறவன் மூச்சு விடாமல் பாடவேண்டும். பாட்டு அறுந்தால் அவுட். தை மாதத்தில் கணவாய் வழியாக வரும் வறட்டுக் காற்று திறந்த வாயில் மோதினால், அந்தப் பல்லோடு யார் பாடுவது?

"லேகியம் உங்களுக்குப் பத்தலீடா. சின்னையன் நல்லாத் திங்கறான். அதான் பல்லும் கெட்டியா இருக்குது, ஒரே பாட்டுல மூணு பேரத் தொட்டுட்டும் வர்றான். இன்னைக்கு எல்லாருக்கும் ரண்டு விரல்!"

லேகியம் அவர் கண்டுபிடிப்பு. கருப்பட்டி, புளி, எலுமிச்சைச் சாறு, கூடவே குளுக்கோஸ் பொடி. பசையாகும் வரை கொதிக்கவைத்து, காலி கிரீஸ் டப்பாவில் அடைத்துவிடுவார். விரலால் வழித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளவேண்டும். விழுங்கினால் சத்து ஒரேயடியாகப் போய்விடும், ஒதுக்கி வைத்தால் ஆட்டம் முழுக்க ஊறும் என்பது அவர் கணக்கு.

ஏழு பேரின் விரல் போய்வரும் ஒற்றை டப்பா. மேலே செத்த எறும்பும் யாருடைய தலைமுடியோ ஒன்றும் மிதக்கும். மாரப்பனே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கிளறுவார். ருசி பார்ப்பது நாச்சிமுத்துவின் வேலை.

சின்னையன் தன் பங்கை வழித்துக்கொண்டு வழக்கம்போலத் தென்னை மரத்துக்குப் பின்னால் போனான். திரும்பி வந்தபோது அவன் டவுசரில் ஈ மொய்த்தது.

"பொங்கலுக்காச்சும் டவுசரத் தொவைக்கமாட்டியாடா? நாத்தம் புடிச்சவனே!" என்றார் மாரப்பன்.

ஆட்டம் தொடங்கியது. நாச்சிமுத்து பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். எதிர்க்காற்று பல்லில் பட்டதும் "ஸ்ஸ்" என்று உறிஞ்சினான். பாட்டு அறுந்தது. அவுட்.

"எருத்தேன்பதிக்காரன் வாய மூடீட்டே பாடறான் டோய்!" என்று பெருமாட்டிக் கூட்டம் கூவியது.

அடுத்தடுத்துப் போனவர்களுக்கும் அதே கதிதான். சின்னையன் ஒருவன்தான் தொட்டுத் தொட்டுப் புள்ளி சேர்த்தான். இடைவேளையில் பெருமாட்டி எட்டுப் புள்ளி முன்னால் இருந்தது.

நாச்சிமுத்து ஓரமாகத் துப்பினான். பழுப்பு எச்சில் நூலாக இழுத்தது. அதன் நுனியில் ஒரு பல் சில்லு தொங்கியது. மாரப்பன் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினார். ஆனாலும் கோப்பை கண்ணை விட்டுப் போகவில்லை.

"டப்பாவ எடு. இன்னும் ரண்டு விரல்."

"வேண்டாமுங்க மாமா, கொமட்டுதுங்க."

"சின்னையனப் பாத்துக் கத்துக்கடா! சின்னையா, இவனுக கண்ணு முன்னால தின்னு காட்டு."

சின்னையன் டப்பாவை வாங்கி ஒருமுறை உள்ளே பார்த்தான். பிறகு அதை மாரப்பனிடமே நீட்டினான். "மொதல்ல நீங்க தின்னுங்க மாமா. அப்பறம் நான் திங்கறேன்."

ஆறு பேரும் மாரப்பனைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. ஒரு விரல் வழித்து, எறும்பை ஊதிவிட்டு, கண்ணை மூடிக் கன்னத்தில் அப்பிக்கொண்டார்.

புளிப்பில் பல் வேர்வரை கூசியது. பசை பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. இவ்வளவு நேரம் கத்தியதில் வாய் காய்ந்திருந்தது. கரைத்து இறக்க எச்சில் ஊறவில்லை. அப்போதுதான் விளங்கியது. ஒரு மணி நேரம் காற்றில் வாயைத் திறந்து பாடுகிறவர்களுக்கு எச்சில் எங்கிருந்து வரும்? கழுவ ஆளில்லாமல் புளிப்பு பல்லைக் கரைக்கிறது, இனிப்பு ஒட்டிக்கொண்டு சொத்தையாக்குகிறது.

மூன்று முறை துப்பினார். நாலாம் முறை வாந்தியே வந்துவிட்டது.

"இந்தக் கருமத்தையாடா ரண்டு மாசமாத் தின்னீங்க!" துண்டால் நாக்கை வழித்துக்கொண்டே சின்னையனை ஏறிட்டுப் பார்த்தார். "இதத் தின்னுபோட்டு உனக்கு மட்டும் எப்புடிறா இத்தன தெம்பு? பல்லும் அப்புடியே இருக்குது?"

அடுத்த பாதிக்கு நடுவர் விசில் ஊதினார். சின்னையன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. நீங்க ஒரு நாளும் தின்னு நான் பாத்ததில்லீங்க. அதனால நானும் திங்கலீங்க. வெறுந் தண்ணிதானுங்க குடிச்சேன்."