வலீமா வாரத்து வானிலை

அஸர் தொழுது கால் மணித்தியாலமாகியும் நளீர் தொழுகைப் பாயை விட்டு எழும்பவில்லை. ஏந்திய கை ஏந்தியபடி இருக்க, கண் மட்டும் யன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கதவோரம் நின்ற மனைவி நிஸ்மியாவுக்கு நெஞ்சு கரைந்தது. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இந்த மனிசன் எதற்காகவும் இவ்வளவு நேரம் அல்லாஹ்விடம் கேட்டதை அவள் கண்டதில்லை. கேட்காமல் என்ன செய்வார், வெள்ளிக்கிழமை ஒரே மகன் இர்ஷாத்தின் கல்யாண வலீமா விருந்து, இன்றைக்கு ஞாயிறு. நவம்பர் மாத மட்டக்களப்பில் வெட்டவெளி முற்றத்தில் விருந்து வைக்கத் துணிந்தவருக்கு அல்லாஹ்வை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"மாரி கழியட்டும், பெப்ரவரியில வைப்பம்" என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கட்டாரில் ஒப்பந்தம் முடிந்து வந்த இர்ஷாத்துக்குத் திரும்பிப் போகிற அவசரமும் இல்லை. நளீர்தான் ஒற்றைக் காலில் நின்றார். நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாதாம். பல்லுக் கட்டுவதை ஏழு வருடமாகத் தள்ளிப்போட்டு வருகிற மனிசன் சொன்ன பேச்சு இது.

அழைப்பிலும் அவர் குறை வைக்கவில்லை. காத்தான்குடியில் ஒரு தெரு மிச்சமில்லை. ஏறாவூர், ஓட்டமாவடி எல்லாம் மோட்டார் சைக்கிளில் ஓடினார். பத்து வருடமாகப் பேச்சில்லாத சாச்சா வீட்டுக்கும் போனார், கல்லடியில் கூடப் படித்த கனகசிங்கத்தையும் விடவில்லை.

போன இடமெல்லாம் ஒரே பேச்சுத்தான். "குடும்பத்தோட வரணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் நான் கோவிப்பன்."

எப்படிக் குறைத்துப் பார்த்தாலும் தொள்ளாயிரம் பேர். ஊர் மூக்கில் விரலை வைத்தது. கடையில் சீனி நிறுத்தால் கூடிப்போன நாலு மணியைக் கிள்ளி எடுக்கிற நளீரா இது?

நிஸ்மியாவின் தம்பி அக்ரம் போனும் கையுமாக உள்ளே வந்தான். வெயிலோ மழையோ, நாட்டில் முதலில் அவனுக்குத்தான் தெரியும். உடனே ஊருக்குச் சொல்லுவான். பிறகு அது மாறும்.

"ராத்தா, வாற கிழமைக்கான அறிவிப்பு வந்திட்டு. தாழமுக்கம் ஒண்டு கிடக்காம். வியாழன் தொடக்கம் சனி வரைக்கும் கிழக்கில பலத்த மழையாம்."

நிஸ்மியா அப்படியே கட்டிலில் இருந்துவிட்டாள். ஆற்றங்கரைப் பக்கத்து வளவு. சும்மா தூறினாலே ரோட்டில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், யார் வரப் போகிறார்கள்? ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிட வேண்டிய சஹன் தட்டில் ரெண்டு பேர் இருந்து சாப்பிட்டால் பெண் வீட்டார் ஆயுளுக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"மச்சான், நாவற்குடாவில ஒரு மண்டபம் சும்மா கிடக்கு. அத எடுப்பமா? ஒரு போன் கோல் போதும்" என்றான் அக்ரம்.

நளீர் அப்போதுதான் கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தார். "வேணாம். வீட்டு முத்தத்தில வைச்சாத்தான் பரக்கத்து."

"அப்ப பந்தலயாவது பெருசாப் போடுவம்."

"இருக்கிறது போதும். அல்லாஹ் நாடினது நடக்கும்."

அல்லாஹ் மேல் எவ்வளவு ஈமான் என்று நிஸ்மியாவின் கண் கலங்கியது.

திங்கட்கிழமை அறிவிப்பு ஞாயிறை விட மோசம். செவ்வாய்க்கிழமை மீனவர்களையும் கடலுக்குப் போக வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொன்றையும் நளீர் அக்ரமைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்துக் கேட்டார். பிறகு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

"கவலய வெளியில காட்டாத ஆம்புள" என்று நிஸ்மியா தங்கச்சிமாரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

வியாழக்கிழமை வானம் கறுத்தது, உறுமியது, ஒரு துளி போடவில்லை. நளீருக்கு அன்றைக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பின்வளவில் புரியாணிச் சட்டிகளுக்குத் தம் போட்டாயிற்று. அந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்பது நளீரின் கட்டளை. அவர் முற்றத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம் அக்ரம் ஓடி வந்தான்.

"மச்சான், தாழமுக்கம் வடக்கால விலகிப் போயிட்டாம். ரெண்டு நாளைக்கு நல்ல வெயிலாம். ஓட்டமாவடிச் சனம் ரெண்டு பஸ் பிடிச்சு வெளிக்கிட்டிட்டு. கனகசிங்கம் அண்ணனும் புள்ளகுட்டியளோட வாறாராம்."

சொல்லி வாய் மூடவில்லை, வெயில் பந்தல் தகரத்தில் பளீரென்று அடித்தது. நிஸ்மியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருசனிடம் ஓடினாள்.

"அல்ஹம்துலில்லாஹ். உங்கட துஆவ அல்லாஹ் ஏத்துக்கிட்டான். சொன்ன சனம் ஒண்டும் மிச்சமில்லாம வரப் போகுது."

நளீர் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"இஞ்ச, என்ன செய்யுது உங்களுக்கு? மழதான் இல்லையே, சந்தோசப்படுங்களன்."

நளீர் பின்வளவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மழைய நம்பி அம்பது சஹனுக்குத்தான் புள்ள ஆக்கச் சொல்லியிருக்கன்."