வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக

பணி ஓய்வு விழா மேடையில் ஆங்கில ஆசிரியை வெண்மதிக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர், “டீச்சர் மாதிரி அப்சீக்வியஸான ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல” என்று முழங்கினார். அரங்கம் கைதட்டியது. பள்ளித் தாளாளரோடு சண்டை போட்டே காலம் தள்ளிய வெண்மதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக்கைப் பிடுங்கினாள்.

“அதுக்குப் பணிவானவங்கன்னு அர்த்தம் இல்ல சார். மேல இருக்கறவங்க காலை நக்குறவங்கன்னு அர்த்தம். வாக்கியத்துல அமைச்சுக் காட்டட்டுமா? மாசமா இருந்த நம்ம ஸ்கூல் ஆயாவை வாசல்ல நிக்க வெச்சுத் தாளாளர் விரட்டினப்போ, அவர்மேல வெயில் படாம குடை பிடிச்சீங்களே, நீங்க அப்சீக்வியஸ்.”

வெண்மதி பொன்னாடையை உருவி அவர் முன்னால் விரித்துப் பிடித்தாள். அதைக் கண்டதும் தலைமையாசிரியரின் கழுத்து, பழக்கதோஷத்தில், தானாகவே குனிந்தது.