செலின் சிஸ்டரின் குரல்

இசக்கியப்பன் வீட்டுச் சுவருக்குள் செலின் சிஸ்டர் குடியேறி எட்டு மாதம் ஆகிறது. மகளின் மூச்சிரைப்புக்காக ஆஸ்பத்திரி சுவரில் பதித்த, வாசனை உணரும் கருவி வழியாகப் பேசும் நர்ஸ் அவர்; ஆள் இருப்பது நாகர்கோவிலில். மூக்கு மட்டும் தூத்துக்குடியில். மிளகாய் வற்றல் எண்ணெயில் விழுவதற்குள், “சார், ஜன்னலைத் திறங்க, பிள்ளைக்கு ஆகாது” என்று சுவர் அதட்டும். சாம்பிராணி, கொசுவத்தி, பக்கத்து வீட்டு பெயின்ட், எதற்கும் மன்னிப்புக் கிடையாது. சுவர் அணைந்திருக்கும் நேரம் பார்த்து, சிஸ்டரைப் போலவே மூக்கால் பேசி மகளைச் சிரிக்க வைப்பதுதான் அவனால் முடிந்த பழிவாங்கல்.

அன்று மாலை ஆறு வயது யாழிசைக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. “அப்பா... சிஸ்டர... கூப்பிடு...” ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. சுவரில் சத்தமே இல்லை. பொத்தானை அழுத்தினான், தட்டினான்.

“தேவையில்லாதப்பல்லாம் வாய் ஓயாது. இப்ப எங்க போய்த் தொலைஞ்சாவ?”

குழாய் மாட்டிய இன்ஹேலரை நீட்டினால் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிஸ்டர் எண்ணினால்தான் இழுப்பாள்.

வேறு வழி? மூக்கைச் சுருக்கிக்கொண்டான். “பயப்படாத மக்களே. மெதுவா இழு. ஒண்ணு... ரெண்டு...” மகள் இழுத்தாள்.

பத்து நிமிடம் கழித்துச் சுவர் கனைத்தது.

“சார், லைன் கோளாறு, என் குரல்தான் உங்களுக்குக் கேக்கல. நீங்க பேசுனதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு. எண்ணுனது சரிதான். ஆனா நான் அப்படியா மூக்கால பேசுறேன்?”

“ஆமா சிஸ்டர், அப்படியேதான் பேசுவீங்க, அப்பா தினமும் எனக்குப் பேசிக் காட்டுவாங்க!” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள் யாழிசை.

அத்தனை நீளமாகப் பேசிவிட்ட பிள்ளையை அதட்ட இசக்கியப்பனுக்கு வாய் வரவில்லை.