ஏழுக்கு ஒன்று

வில்யோ அன்று ஒன்று போட்டார்.

பதினோரு வருடமாக ஏழுக்குக் குறையாதவர். ஏழுதான் உச்சம். 'இது மனிதர் தொட்டதுபோல் இருந்ததா?' என்ற கேள்விக்கான மதிப்பெண்.

பின்லாந்தின் தம்பரே பல்கலைக்கழகத்தில் நாங்கள் செய்தது ஒரு கையுறை. மாட்டிக்கொண்டால் உள்ளிருக்கும் குட்டி மோட்டார்கள் அதிரும். எங்கோ தூரத்தில் இருப்பவர் நம் கையைத் தடவிக்கொடுப்பதுபோல் இருக்கும். ஆய்வை நடத்திய ஐராவின் மொத்த வாழ்க்கையும் அதுதான். அவருடைய கட்டுரைகள், பேராசிரியர் பதவி, உதவியாளர்களான எங்கள் நாலு பேரின் பிழைப்பு, எல்லாமே அந்த ஏழுகளின் மேல்தான் நின்றன.

இந்த முறை நிதி தருபவர்கள் ஒரு விதி போட்டார்கள். ஆய்வாளர் யாரும் கிட்டே போகக்கூடாது. சோதனைக்கு வருபவரே செய்முறைத் தாளைப் படித்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

வழக்கமாக வரும் நாற்பது பேரும் வந்தார்கள். ஒன்று, இரண்டு என்றே போட்டுவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் வில்யோ. எண்பத்து நாலு வயது, மனைவி போனபின் தனிக்கட்டை. சன்மானமாகத் தரும் சினிமா டிக்கெட்டுக்குத்தான் வருகிறார் என்று அவரைக் கேலி செய்வோம். இந்த மனுஷனாவது ஏழு போடுவார் என்று நம்பியிருந்தோம்.

ஐரா மோட்டார்களைச் சோதித்தார். எல்லாம் ஓடின. வில்யோவுக்குக் காப்பியை ஊற்றி வைத்துவிட்டு, இந்தத் தடவை என்ன குறைந்தது என்று கேட்டார்.

வில்யோ இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தபடி சொன்னார்.

"முன்னெல்லாம் நீங்கதானே மாட்டிவிடுவீங்க, ஐரா. ஒவ்வொரு விரலா புடிச்சு நீவி விடுவீங்க. அதுக்குத்தான் ஏழு போட்டேன். மெஷின் என்ன செஞ்சுதுன்னு நான் கவனிச்சதே இல்ல."

இத்தனை வருடம் நாங்கள் அளந்துகொண்டிருந்தது ஐராவின் கையை.

வில்யோவை அனுப்பிவிட்டு, கட்டுரைகளைத் திரும்பப் பெறும் படிவத்தோடு உட்கார்ந்தோம். ஐரா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். எது தவறு, எந்தெந்தக் கட்டுரை, யார் பொறுப்பு. ஒன்றையும் மறைக்கவில்லை. தன் பெயரைச் சொன்னபோதுகூடக் குரல் நடுங்கவில்லை.

'தவறு நேர்ந்த காரணம்' என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

கையுறை மாட்டிவிடுவது எங்கள் வேலை. நாலு பேர் சும்மா நிற்க, ஒருவர் விடாமல் எல்லாருக்கும் அவரேதான் மாட்டிவிடுவார். நாங்கள் கேட்டாலும் விட்டுத்தந்ததில்லை. அந்தக் கைகளை விட மனமில்லாததுபோல் ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டிருப்பார்.

"அத மட்டும் காலியா விட்டுடு, ஓனி."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.