கோணல் குச்சி

பனை உச்சியில் காகம் விட்டுப்போன பழைய கூட்டில் ஒரு சின்ன வல்லூறு குஞ்சு பொரித்தது. வல்லூறுகளுக்குக் கூடு கட்டத் தெரியாது. சூறைக்காற்று அடித்தபோதும் அந்தக் கூடு பிரியவில்லை. குஞ்சுகள் பிழைத்து, வளர்ந்து, பறந்துபோயின.

பக்கத்து மரத்தில் காகம் புதுக்கூடு கட்டிக்கொண்டிருந்தது. வல்லூறு வந்து இறங்கியதும் பதறியது.

"நான் விட்டுட்டு வந்த கூடு போதாதுன்னு இதையும் பிடுங்கிக்க வந்தியா?"

"இல்லக்கா, குடுக்க வந்தேன். அந்தக் காத்துல என் பிள்ளைங்க பொழைச்சது நீங்க கட்டின கூட்டாலதான்."

காலில் கொண்டுவந்த குச்சியை வல்லூறு செருகியது. அது கோணலாகத் தொங்கியது.

"உங்க பரம்பரையிலயே இதுதான் முதல் குச்சியா?" காகம் சிரித்தது.

"ஆமாக்கா" என்று வெட்கத்தோடு பறந்துவிட்டது வல்லூறு.

குச்சியை நேராக்க அலகை நீட்டிய காகம் நிறுத்திக்கொண்டது. அதை அப்படியே விட்டு, விழாதபடி சுற்றிலும் தன் குச்சிகளை வைத்துக் கட்டியது.