கடைசி ஆணிக்குப் பிறகு

நார்வேக்குக் கப்பலில் போகும் ஒரே மரப்பெட்டியில் ஏறப்போவது உளிகளா பாத்திரங்களா என்று நடந்த சண்டை, இட்லிப் பானைக்குள் உளிகளைச் செருகியதும் தீர்ந்தது. பொழுதுபோக்காகத் தச்சுவேலை செய்யும் நல்லசிவம், தன் கருவிகள் அத்தனையையும் உள்ளே அடுக்கிவிட்டு, கீழ்வீட்டில் இரவல் வாங்கிய சுத்தியலால் மூடியில் கடைசி ஆணியை அறைந்தார்.

“அங்க போய் இதை எதை வச்சுத் திறப்பீங்க?” என்றாள் மனைவி பொற்கொடி.

அவர் மூடியைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய சுத்தியல் உள்ளேதான் இருந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இங்க மாதிரியே பக்கத்து வீட்டுல கேளுங்க.”

சுத்தியலுக்கு அந்த ஊரில் சொல்லும் வார்த்தையைப் போனில் தேடி, அவர் சத்தமாகச் சொல்லிப் பழகினார். அவள் பெட்டியின் மூடியை, அந்த ஊர்ப் பக்கத்து வீட்டுக் கதவைப்போல் தட்டினாள். உள்ளே இட்லிப் பானை கணகணத்தது.

“ஆள் வர்றாங்க,” என்றாள். “சட்டை பட்டனைப் போடுங்க.”